சாட்ஸ்வொர்த் வீட்டில் ஓர் அட்லஸ் புரோப்: இணையத்தை நாமே அளந்து பார்க்க ஒரு முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறது எங்கள் வீடு. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அங்கே தமிழ் வகுப்பு. டர்பனில் மூன்று மணி என்றால் மதுரையில் மாலை ஆறரை. அங்கிருந்து டீச்சர் பாடம் எடுப்பார், இங்கே என் மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் டேப்லெட் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். 'ழ' சொல்லும்போது நாக்கு எங்கே மடிய வேண்டும் என்று டீச்சர் வாயைத் திறந்து காட்டுவார், படம் அப்படியே உறைந்துவிடும். மறுபடி அசையும்போது பாடம் 'ள'வுக்குப் போயிருக்கும். நான்கைந்து தலைமுறையாக இந்த ஊரில் தேய்ந்து வந்த ஒரு மொழியைப் பிள்ளைகள் திரும்பப் பிடிக்கப் பார்க்கிறார்கள். அது ஒரு கெட்ட இணைப்பால் நழுவுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இணைய நிறுவனத்துக்குப் போன் செய்தேன். ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். ஸ்பீடு டெஸ்ட் ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினால் வாங்கிய வேகம் அப்படியே வருகிறது. "பாருங்கள், எங்கள் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது" என்றார்கள். ஸ்பீடு டெஸ்ட் பொதுவாக அருகில் இருக்கும் சர்வரோடுதான் பேசும், டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ. மதுரை வரைக்கும் போகிற வழியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. மூன்று மணிக்கு என்ன நடந்தது என்று ஐந்து மணிக்கு ஓட்டும் டெஸ்டுக்குத் தெரியவும் தெரியாது.

எனக்கு வேண்டியது இரண்டு. நான் பார்க்காத நேரத்திலும் அளந்துகொண்டே இருக்கும் ஒரு கருவி. அதே நேரத்தில் வேறு வீடுகளிலிருந்து, வேறு நிறுவன இணைப்புகளிலிருந்து எடுத்த அளவு. இரண்டாவதுதான் முக்கியம். உங்கள் வீட்டு அளவு மட்டும் இருந்தால் 'கெட்டிருக்கிறது' என்பது வரைக்கும்தான் தெரியும். கோளாறு யாருடையது என்பதைப் பக்கத்துத் தெரு அளவோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும்.

இந்த இரண்டையும் தருவது ரைப் அட்லஸ்.

அட்லஸ் என்பது என்ன

ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் ரைப் என்சிசி, ஐரோப்பா, மத்திய கிழக்கு, மத்திய ஆசியப் பகுதிகளுக்கு இணைய முகவரிகளைப் பகிர்ந்து தரும் அமைப்பு. நம் ஆப்பிரிக்காவுக்கு அந்த வேலையைச் செய்வது மொரீஷியஸில் இருக்கும் ஆஃப்ரினிக். ரைப் என்சிசி 2010இல் தொடங்கியதுதான் அட்லஸ். உலகமெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் சிறு கருவி ஒன்றைச் செருகி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் புரோப். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட புரோப்கள் எந்நேரமும் இணைப்பில் இருக்கின்றன. இவற்றோடு ஆங்கர் என்று சொல்லப்படும் பெரிய கருவிகளும் டேட்டா சென்டர்களில் உண்டு. அவை தாங்களும் அளக்கும், மற்றவர்கள் குறிவைத்து அளக்க நிலையான இலக்காகவும் நிற்கும். தென்னாப்பிரிக்காவிலும் ஆங்கர்கள் இருக்கின்றன.

புரோப் செய்யும் அளவுகள் ஆறு வகை: பிங் (பாக்கெட் எனும் சிறு தரவுத் துண்டை அனுப்பிப் பதில் வர எத்தனை நேரம் என்று பார்ப்பது), டிரேஸ்ரூட் (போகும் வழியில் உள்ள ரூட்டர்களைப் படிப்படியாகக் காட்டுவது), டிஎன்எஸ் (தளப் பெயருக்கு உரிய முகவரியைக் கேட்பது), தளத்தின் அடையாளத்தைக் காட்டும் டிஎல்எஸ் சான்றிதழ், என்டிபி எனும் நேரச் சரிபார்ப்பு, எச்டிடிபி (இணையப் பக்கத்தைக் கேட்பது). பதிவிறக்க வேகத்தை இது அளக்காது. நீங்கள் எந்தத் தளத்தைப் பார்க்கிறீர்கள், யாரோடு பேசுகிறீர்கள் என்பதையும் பார்க்காது. தான் அனுப்பிய பாக்கெட்டுக்கு வரும் பதிலை மட்டும் எண்ணும். வீட்டில் ஒருவர் "இந்தப் பெட்டி நம்மை ஒட்டுக் கேட்குமா?" என்று கட்டாயம் கேட்பார், எங்கள் வீட்டில் என் மாமியார் கேட்டார். இந்தப் பதிலை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

வரைபடத்தைத் திறந்து பார்த்தால் ஜெர்மனியும் நெதர்லாந்தும் புள்ளிகளால் மூடிக் கிடக்கும். ஆப்பிரிக்காவில் புள்ளிகள் தூரம் தூரமாக இருக்கும். ஃபிராங்க்ஃபர்ட்டில் இன்னொரு புரோப் கூடுவதால் பெரிதாக எதுவும் தெரிந்துவிடாது. டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலோ டோங்காட்டிலோ ஒரு வீட்டில் கூடினால், அதுவரை யாரும் அளக்காத ஒரு வழி முதல்முறையாகக் கண்ணுக்குத் தெரியும்.

முதல் வேலை: உங்கள் ஏஎஸ் எண்ணைக் கண்டுபிடிப்பது

இணையம் என்பது பல்லாயிரம் வலையமைப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு, அதுதான் ஏஎஸ் எண். உங்கள் பொது ஐபி முகவரியைக் காட்டும் ஏதாவது ஒரு தளத்துக்குப் போனால் முகவரியின் பக்கத்திலேயே அதுவும் இருக்கும். குறித்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியை மாட்டியது ஒரு நிறுவனம், மாதம் உங்களிடம் பணம் வாங்குவது இன்னொரு நிறுவனம். பெரும்பாலான பகுதிகளில் இப்படித்தான். ஏஎஸ் எண் இணையம் தருபவருடையதாக இருக்கும், கம்பி போட்டவருடையதாக இருக்காது. பின்னால் கோளாறு தேடும்போது இந்த வேறுபாடு தேவைப்படும், அதனால் இரண்டு பெயரையும் எழுதி வையுங்கள்.

கருவியா, மென்பொருளா

புரோப் இரண்டு வடிவில் கிடைக்கும்.

கருவி வேண்டுமென்றால் அட்லஸ் தளத்தில் கணக்குத் தொடங்கி விண்ணப்பிக்க வேண்டும். இலவசம். ஏஎஸ் எண், ஊர், ஏன் வேண்டும் என்று கேட்பார்கள். புரோப் குறைவாக உள்ள இடங்களுக்கும் வலையமைப்புகளுக்கும் மதிப்பு அதிகம் என்பதால், காரணத்தை ஒரு வரியில் முடிக்காமல் உங்கள் பகுதியைப் பற்றி நாலு வரி எழுதுங்கள். அட்லஸ் தூதர்கள் என்று பலர் இருக்கிறார்கள். இணையத் தொழில்நுட்பக் கூட்டங்களில் அவர்கள் கையிலிருந்தே வாங்கிக்கொள்ளலாம், தபாலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

மென்பொருள் வடிவம் 2020இல் வந்தது. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி, எப்போதும் ஓடும் பழைய லினக்ஸ் கணினி, ஓபன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருள் ஏற்றிய ரூட்டர், டாக்கர் என எதிலும் ஓடும். டெபியன், ரெட்ஹேட் வகை லினக்ஸ்களுக்குத் தயார் பொதி இருக்கிறது. நிறுவியதும் அது தனக்கென ஒரு சாவியை உருவாக்கும். அந்தப் பொதுச் சாவியை எடுத்து, அட்லஸ் தளத்தின் மென்பொருள் புரோப் பதிவுப் பக்கத்தில் ஏஎஸ் எண்ணோடு ஒட்டினால் சற்று நேரத்தில் புரோப் எண் வந்துவிடும். இதில் ஒன்றே ஒன்று கவனம்: இரவில் மூடி வைக்கும் லேப்டாப்பில் போடாதீர்கள். பாதி நாள் இல்லாத புரோப், இணைப்பு போனதா லேப்டாப்பை மூடினார்களா என்று யாருக்கும் புரியாத பதிவைத்தான் தரும்.

என் ஆலோசனை கேட்டால், வீட்டுக்குக் கருவி, கோயில் அலுவலகம், பள்ளி மாதிரி ஏற்கெனவே கணினி ஓடும் இடத்துக்கு மென்பொருள்.

மாட்டுவது

இது பத்து நிமிட வேலை. ரூட்டரின் பின்னால் காலியாக இருக்கும் ஈதர்நெட் துளையில் கேபிளைச் செருகுங்கள், கருவிக்கு மின்சாரம் கொடுங்கள். ரூட்டரிடமிருந்து (டிஎச்சிபி முறையில்) தானே முகவரி வாங்கிக்கொள்ளும். வெளியே 443 போர்ட் வழியாக எஸ்எஸ்எச் எனும் பாதுகாப்பான இணைப்பு போட்டு ஆம்ஸ்டர்டாமிடம் வேலை கேட்கும். ரூட்டரில் எந்தக் கதவையும் திறக்க வேண்டாம். வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே பொது முகவரியைப் பகிரும் நேட்டுக்குப் பின்னால், ஏன், மொபைல் நிறுவனங்கள் ஆயிரம் பேரை ஒரே முகவரியில் அடைக்கும் இடத்துக்குப் பின்னாலும் வேலை செய்யும். கருவியின் எண்ணைத் தளத்தில் பதிவு செய்து, வரைபடத்தில் இடத்தைக் குத்திக் காட்டுங்கள். பொதுவில் காட்டும்போது இடத்தை ஒரு கிலோமீட்டர் வரை தள்ளித்தான் காட்டுவார்கள். ஆனால் அளவீட்டு முடிவுகளில் உங்கள் பொது ஐபி முகவரி தெரியலாம். அது பிடிக்காதவர் மாட்டுவதற்கு முன்பே யோசித்துக்கொள்ளட்டும்.

புரோப்பை வைஃபையில் போடாதீர்கள், கம்பியில்தான் போட வேண்டும். வைஃபை கோளாறும் இணையக் கோளாறும் கலந்துவிட்டால் பிறகு பிரித்தெடுக்க முடியாது.

மின்சாரம்: இதை மட்டும் அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள்

என்னிடம் இருப்பது மூன்றாம் தலைமுறைப் புரோப். டிபி-லிங்க் எம்ஆர்3020 என்ற கையடக்க ரூட்டர், பக்கத்தில் ஒரு குட்டி யூஎஸ்பி பென்டிரைவ் நீட்டிக்கொண்டிருக்கும். அட்லஸ் மென்பொருளும் அளவுகளும் அந்தப் பென்டிரைவில்தான். எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் போனால் அது கெட்டுப்போகும். 2022, 2023இல் லோட்ஷெடிங் எனும் முறைவைத்த மின்வெட்டு ஆறாம் கட்டம் வரை போனபோது தினமும் மூன்று நான்கு தடவை விளக்கு போய் வந்தது நினைவிருக்கும். என் புரோப் இரண்டு முறை செத்தது அப்போதுதான்.

எழுப்பும் முறை இது. மின்சாரத்தை எடுங்கள். பென்டிரைவைப் பிடுங்குங்கள். பென்டிரைவ் இல்லாமலே கருவிக்கு மின்சாரம் கொடுத்துப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு, மின்சாரம் ஓடும்போதே பென்டிரைவைச் செருகுங்கள். அது பென்டிரைவைப் புதிதாக அமைத்துக்கொண்டு, மெதுவாக இணைப்புக்குத் திரும்பும். பொறுமையாக விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள், நடுவில் பிடுங்காதீர்கள். அப்படியும் வரவில்லையென்றால் பென்டிரைவே போயிருக்கும், நல்லதாக ஒன்று வாங்கிப் போட்டு இதே முறையைச் செய்யலாம்.

வராமல் தடுப்பது இன்னும் எளிது. ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் மினி யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் இங்கே ஏராளம். பலவற்றில் 5 வோல்ட் யூஎஸ்பி துளையும் உண்டு, புரோப்பை அதில் போட்டுவிடுங்கள். லோட்ஷெடிங் ஓய்ந்த மாதங்களிலும் இது தேவை. மழைக்காலத்தில் ஒரு நொடி மின்சாரம் துடித்தால் போதும், பென்டிரைவுக்கு அது லோட்ஷெடிங் மாதிரிதான். இன்னொரு நன்மையும் உண்டு: வீட்டில் விளக்கு போன பிறகும் புரோப் அளந்துகொண்டிருந்தால், தெருமுனைக் கருவிகளின் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பது உங்கள் பதிவில் வந்துவிடும்.

இணைப்பு அறுந்தால் மின்னஞ்சல் அனுப்பும் வசதியைப் புரோப் பக்கத்தில் போட்டு வையுங்கள்.

கிரெடிட் கணக்கு

உங்கள் புரோப் இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 15 கிரெடிட் சேரும். ஒரு நாளுக்கு 21,600. இதைச் செலவழித்து மற்றவர்களின் புரோப்களிலிருந்து அளக்கலாம். மூன்று பாக்கெட் பிங் ஒன்றுக்கு 3 கிரெடிட், டிரேஸ்ரூட்டுக்கு 30. நான்கு நிமிடத்துக்கு ஒரு பிங் என்றால் நாளுக்கு 360 தடவை, 1,080 கிரெடிட். ஆக, உங்கள் ஒரு நாள் வருமானத்தில் இருபது புரோப்களிலிருந்து ஓர் இலக்கை நாள் முழுவதும் பிங் செய்யலாம். ஒரே தடவை மட்டும் ஓட்டும் அளவுக்கு இரண்டு மடங்கு விலை. புரோப்பை மாட்டிவிட்டு ஒரு வாரம் சும்மா விடுங்கள், அப்புறம் செலவைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்காது.

முதல் அளவு

புரோப் மாட்டிய அன்றே தானாகச் சில அளவுகள் ஓடத் தொடங்கும். உங்கள் ரூட்டருக்கு, அதாவது முதல் படிக்கு, ஒரு பிங். அதற்கடுத்த இரண்டாம் படிக்கு ஒரு பிங். டிஎன்எஸ் வேர் சர்வர்களுக்கும் சில ஆங்கர்களுக்கும் பிங், டிரேஸ்ரூட். இவற்றுக்குக் கிரெடிட் பிடிக்க மாட்டார்கள். முதல் இரண்டு படிகளின் படம்தான் வீட்டுக் கோளாறைத் தேடுபவருக்குத் தங்கம்.

சொந்த அளவு போட, புதிய அளவீடு என்ற பொத்தானை அழுத்தினால் மூன்று கட்டங்கள் வரும்.

முதல் கட்டம், என்ன அளவு, எதை நோக்கி. நான் ஒரு பிங்கும் ஒரு டிரேஸ்ரூட்டும் சேர்த்துப் போட்டேன். இலக்கு எது என்பதில்தான் சற்று யோசிக்க வேண்டும். டீச்சர் வீட்டு ரூட்டர் பிங்குக்குப் பதில் சொல்லாது, அதனால் இந்தியாவில் உள்ள ஓர் ஆங்கரை எடுத்துக்கொண்டேன். ஒப்பிட்டுப் பார்க்க ஜோகன்னஸ்பர்க் ஆங்கர் ஒன்றும், டிஎன்எஸ் வேர் சர்வர்களில் ரைப் என்சிசியே நடத்தும் கே-ரூட் சர்வர் 193.0.14.129உம்.

இரண்டாம் கட்டம், எந்தப் புரோப்களிலிருந்து. நாட்டை வைத்தும், ஏஎஸ் எண்ணை வைத்தும், புரோப் எண்ணை வைத்தும் தேர்ந்தெடுக்கலாம். என் புரோப், என் நிறுவனத்தின் ஏஎஸ்ஸில் இருக்கும் மற்றப் புரோப்கள், டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் வேறு நிறுவனங்களில் இருப்பவை சில. இந்த மூன்று கூட்டமும் வேண்டும். ஒன்றை விட்டாலும் ஒப்பீடு நொண்டும்.

மூன்றாம் கட்டம், எப்போது, எத்தனை நாள். கோளாறு சனிக்கிழமை என்றால் சனிக்கிழமை மட்டும் அளக்கக் கூடாது. நல்ல நாள் எப்படி இருக்கும் என்று தெரியாமல் கெட்ட நாளைக் கெட்டது என்று சொல்ல முடியாது. இரண்டு வாரம் ஓட விடுங்கள்.

கட்டளை வரியில் பழகியவர்களுக்கு மெகல்லன் என்ற கருவித்தொகுப்பு இருக்கிறது, இதையெல்லாம் ஒரே வரியில் செய்யலாம்.

எண்களைப் படிப்பது

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. போகும். போய் வர என்று பார்த்தால் 100 கி.மீ.க்கு 1 மில்லிசெகண்ட். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் சாலை வழி சுமார் 570 கி.மீ. அந்த வழியில் ஆறு மில்லிசெகண்டாவது ஆகும், பத்துக்குப் பக்கத்தில் வந்தால் நல்ல இணைப்பு. டர்பனிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் சுமார் 7,000 கி.மீ. எழுபதுக்குக் குறையாது, கடலடிக் கேபிள் வளைந்து போவதால் நூறைத் தாண்டினாலும் நியாயம்தான்.

என் டிரேஸ்ரூட் முந்நூறை ஒட்டி நின்றது. படிகளைப் பார்த்தால் டர்பன், ஜோகன்னஸ்பர்க், லண்டன், அங்கிருந்து இந்தியா. வடக்கே ஐரோப்பா வரை ஏறிப்போய்த் திரும்பிக் கிழக்கே இறங்குகிறது. இத்தனைக்கும் நம் கரையில் முதுன்சினியிலிருந்து ரீயூனியன், மொரீஷியஸ் வழியாகக் கொச்சிக்குப் போகும் சேஃப் கேபிள் 2002இலிருந்து கடலடியில் கிடக்கிறது. கேபிள் இருப்பது வேறு, உங்கள் நிறுவனம் அதில் இடம் வாங்கியிருப்பது வேறு. பாக்கெட் போவது வணிக ஒப்பந்தம் இருக்கும் வழியில்தான். நம் முன்னோர்களை ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்திலிருந்து 1860இல் வந்த டிரூரோ கப்பல் இந்தியப் பெருங்கடலை நேராகக் கடந்து வந்தது. இன்று அவர்கள் பேரப்பிள்ளைகளின் தமிழ்ப் பாடம் லண்டனைச் சுற்றிக்கொண்டு வருகிறது. இதைப் பார்த்த அன்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் முந்நூறு மில்லிசெகண்ட் தாமதத்தால் படம் உறையாது. பதில் சற்றுத் தள்ளி வரும், அவ்வளவுதான். உறைய வைப்பது பாக்கெட் இழப்பு, அதாவது அனுப்பிய துண்டுகள் வழியில் தொலைவது. அங்கேதான் மூன்று கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சனிக்கிழமை மதியம் இரண்டிலிருந்து ஆறு மணி வரை என் புரோப்பில் முதல் படி சுத்தமாக இருந்தது. இரண்டாம் படியிலிருந்து இழப்பு தொடங்கி, இந்தியாவுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் கே-ரூட்டுக்கும் ஒரே மாதிரி நீடித்தது. அதே நேரத்தில் வேறு நிறுவனங்களில் இருந்த புரோப்களில் இழப்பே இல்லை. என் நிறுவனத்திலேயே டர்பனின் வேறு பகுதியில் இருந்த ஒன்றிலும் இல்லை. அப்படியென்றால் கடல் கேபிள் இல்லை, இந்தியா இல்லை, என் ரூட்டர் இல்லை. எங்கள் பகுதியிலிருந்து நிறுவனத்துக்குப் போகும் இணைப்பு வார இறுதியில் நிரம்பி வழிகிறது.

டிரேஸ்ரூட் படிக்கும்போது பலர் தவறும் இடம் ஒன்று. நடுவில் ஒரு படியில் 400 மில்லிசெகண்ட் என்றோ வெறும் நட்சத்திரக் குறி என்றோ வந்தால் பதற வேண்டாம். பல ரூட்டர்கள் தங்களுக்கு வரும் இந்தக் கேள்விகளுக்குக் கடைசியாகத்தான் பதில் சொல்லும், சில சொல்லவே சொல்லாது. அதற்கடுத்த படிகள் நன்றாக இருந்தால் அங்கே கோளாறு இல்லை. ஒரு படியில் தொடங்கி இறுதி வரை தொடர்ந்தால்தான் அது கோளாறு. முதல் படியின் முகவரி 192.168 என்று தொடங்கினால் அது உங்கள் ரூட்டர். இரண்டாவது 100.64இலிருந்து 100.127க்குள் இருந்தால், நிறுவனம் பலரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது.

கேபிள் அறுந்தால் படம் வேறு மாதிரி இருக்கும். 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் கரைக்கு அப்பால் டபிள்யூஏசிஎஸ், சாட்-3, ஏஸ், மெயின்ஒன் என்ற கடலடிக் கேபிள்கள் நான்கும் ஒரே நாளில் சேதமாயின. அந்த மே மாதம் டர்பனுக்கு வடக்கே ஈஸி, சீகாம் என்ற இரு கேபிள்களும் அறுந்தன. அப்படிப்பட்ட நாளில் உள்நாட்டு அளவு அசையாது, வெளிநாட்டு அளவு மட்டும் ஒரே தாவலில் மாறும், அதுவும் பல நிறுவனங்களில் ஒரே நேரத்தில். அதைக் கண்டால் உங்கள் நிறுவனத்தைத் திட்டாமல் கப்பல் போய்க் கேபிளைத் தூக்கும் வரை காத்திருங்கள்.

புகார் எழுதுவது

"நெட் ஸ்லோ" என்று எழுதாதீர்கள். நான் எழுதியது இவ்வளவுதான்: கடந்த மூன்று சனிக்கிழமைகள், 14:00 முதல் 18:00 வரை, இரண்டாம் படியிலிருந்து பாக்கெட் இழப்பு. முதல் படியில் இல்லை. உங்கள் ஏஎஸ்ஸில் வேறு பகுதியில் இல்லை. அளவீட்டு எண்கள் கீழே. அட்லஸ் முடிவுகள் பொதுவில் இருப்பதால் அவர்களின் பொறியாளர் அந்த எண்ணைத் தட்டி அதே படத்தைத் தானே பார்க்கலாம். புகார் வாடிக்கையாளர் மேசையைத் தாண்டி வலையமைப்புப் பிரிவுக்குப் போனது. ஒன்பது நாளில் திறனைக் கூட்டியதாகப் பதில் வந்தது. அடுத்த சனிக்கிழமை வரைகோடு தரையோடு படுத்திருந்தது.

ஒரு மரியாதை இதில் உண்டு. மற்றவர் வீட்டுப் புரோப்பிலிருந்து அளக்கும்போது, அந்த வீட்டுக்காரர் எந்த நாட்டில் எந்தச் சட்டத்தின் கீழ் இருக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். எச்டிடிபி அளவை ஆங்கர்களை நோக்கி மட்டும் அட்லஸ் அனுமதிப்பது இதற்காகத்தான். தடைசெய்த தளத்தைத் தேடியதாக யாருக்கும் வம்பு வந்துவிடக் கூடாது.

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் தாத்தா இப்போதெல்லாம் படம் நின்றால் நிறுவனத்துக்குப் போன் போடுவதில்லை. வேலியோரம் வந்து நின்று, "தம்பி, உன் டப்பா என்ன சொல்லுது?" என்று கேட்பார். கோயில் அலுவலகக் கணினியிலும் ஒரு மென்பொருள் புரோப் போட்டிருக்கிறோம். தைப்பூசக் காவடியை வீட்டோடு இருக்கும் பெரியவர்களுக்கு நேரலையில் காட்டுவது அங்கிருந்துதான். பூசத்துக்கு மூன்று வாரம் முன்பே அளவைத் தொடங்கிவிட வேண்டும். இரண்டாம் படியில் ஏதாவது இருந்தால் திருத்த ஒன்பது நாள் பிடிக்கும்.